வெயில் சுற்றிய விமானம்

அவளுடைய கணவனை வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பீரோ என்பார்கள். கட்டில், மேசை, அலமாரி விற்கும் ஒரு பெரிய கடையின் லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டுபோய் வீடுகளில் இறக்குவது அவன் வேலை. ஒருமுறை லிஃப்ட் பழுதான கட்டடமொன்றில், கூட வந்தவன் கால் பிசகி உட்கார்ந்துவிட, இரும்பு பீரோவை முதுகோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக மாடியேற்றிவிட்டான். அன்றைக்கு ஒட்டிய பெயர். ஆளும் அதற்கேற்ற ஆள்தான். சாவி போட்டுத் திருகினாலொழிய உள்ளே இருப்பது வெளியே வராது.

அவளுக்குப் பல் செய்கிற வேலை. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி வார்த்து, அதன்மேல் மெழுகில் பல் செதுக்குவாள். பீங்கான் பொடியைக் குழைத்துத் தூரிகையால் அடுக்கடுக்காக வைத்துச் சின்னச் சூளையில் சுட்டெடுப்பாள். முகம் தெரியாதவர்களின் வாய்கள் அவள் மேசையில் எப்போதும் வரிசையாகத் திறந்து கிடக்கும். “உன் ஆளுங்களும் வாயைத் திறந்துதான் வெச்சிருக்காங்க, ஒருத்தரும் பேசக் காணோம்” என்று அவன் எப்போதாவது சொல்வான். அவன் பேச்சில் அதுவே பெரிய பேச்சு. மகள் கல்யாணமாகிப் போனபின் வீட்டில் இவர்கள் இருவர்தான்.

அவன் அக்காவுக்கு வேறொரு நகரத்தில் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. கூடமாட இருந்துவிட்டு வரப் போனான். போகும்போது ரயில். திரும்பும்போது, “என் தம்பி இவ்வளவு நாள் எனக்காகக் கிடந்தானே, ஒருதடவையாவது பறந்துதான் போகட்டும்” என்று அக்காவே விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவன் வாழ்நாளில் முதல் விமானம்.

அவள் மதியமே கிளம்பி விமான நிலையத்துக்குப் போயிருந்தாள். வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும் கூடத்தில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாமதம் என்று போட்டார்கள். பிறகும் தாமதம் என்றே போட்டார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர் போனைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். “முன்சக்கரம் கீழ இறங்க மாட்டேங்குதாம். எண்ணெய் தீர்ற வரைக்கும் கடல் மேலேயே சுத்திட்டு இருக்காங்களாம்” என்றார் யாரிடம் என்றில்லாமல்.

அதன்பிறகு அந்தக் கூடத்தில் நடந்ததை அவள் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை. சன்னல் கண்ணாடியில் வெயில் மஞ்சளாகி, சிவப்பாகி, போய்விட்டது. கடைசியில் விமானம் சக்கரமில்லாத மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு இறங்கி, தீயணைப்பு வண்டிகள் பீய்ச்சிய நுரைக்கு நடுவில் நின்றது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. எல்லோரும் அழுதுகொண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டும் வெளியே வந்தார்கள். அவன் கடைசி ஆட்களில் ஒருவனாக, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சந்தைக்குப் போய்விட்டு வருகிறவன் மாதிரி வந்தான். அவளைப் பார்த்ததும், “ரொம்ப நேரமாச்சா? டீ ஏதாவது குடிச்சியா?” என்றான்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, “எப்படிங்க இருந்துச்சு?” என்றாள்.

அவள் அதுவரை பார்த்திராத ஒரு சிரிப்பை அவன் சிரித்தான். “நல்லா இருந்துச்சு” என்றான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தவளிடம் சொல்கிற பேச்சா இது! முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் அதைக்கூடக் கவனிக்கவில்லை. பஸ் சன்னலில் தெரிந்த ஒன்றுமில்லாத இருட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

வேலைக்குத் திரும்பினான், வழக்கம்போல் சாமான் தூக்கினான், வழக்கம்போல் சாப்பிட்டான். ஆனால் ஆள் முழுசாக வந்து சேரவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. சாயங்காலமானால் பால்கனியில் நின்று எதிர்க் கட்டடத்துச் சுவரில் வெயில் நகர்வதையே பார்ப்பான். கூப்பிட்டால் திரும்புவான், ஆனால் அந்தத் திரும்பலுக்கு நேரம் பிடிக்கும், ஏதோ தூரத்திலிருந்து நடந்து வருகிற மாதிரி. “பயந்துட்டீங்களா, டாக்டர்கிட்ட போவோமா?” என்று கேட்டதற்கு, “பயமெல்லாம் இல்லையே” என்று அவளைப் பார்த்து ஆச்சரியப்பட்டான்.

ஒருநாள் சுருட்டிய தாள்கள் சிலவற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். ஜெராக்ஸ் கடையில் அட்டைத்தாளில் அச்சடித்து வாங்கி வந்தவை. விரித்தால் இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், மூக்கு பூவிதழ் மாதிரி பிரிந்து ஒரு பக்கம். ஒரு விமானத்தை உரித்துக் காயப்போட்ட மாதிரி இருந்தது.

“என்ன இது?”

“நான் வந்த விமானம். யாரோ வரைஞ்சு கம்ப்யூட்டர்ல போட்டிருக்காங்க. வெட்டி ஒட்டினா அப்படியே நிக்குமாம்.”

“யாரு, நீங்களா வெட்டி ஒட்டப் போறீங்க?”

அவன் அவளுடைய பெட்டியிலிருந்து மெழுகு வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். பீரோ தூக்கும் விரல்களுக்கு நடுவில் அந்தக் கத்தி இருக்கிற இடமே தெரியவில்லை. குரங்கு கையில் பூமாலை கொடுத்த கதைதான். பசையைப் பிதுக்கினால் தாள் ஊறிச் சுருங்கியது. மூக்கு இதழ்களைச் சேர்க்கப் பார்த்தால் ஒன்று ஒட்டும்போது மற்றது விரிந்தது. முடிவில் மேசைமேல் நின்றது விமானமா, லாரி ஏறி இறங்கிய தண்ணீர்க் குழாயா என்று சொல்ல முடியவில்லை. அவள் கோபத்தையெல்லாம் மறந்து சிரித்துவிட்டாள். அவனும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல வந்திருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன்” என்றான்.

மறுநாள் அவன் இன்னொரு கட்டுத் தாளோடு வந்தான். அதற்கடுத்த நாள் இன்னொன்று. அவளால் பொறுக்க முடியவில்லை. கைத்தொழில் தெரிந்தவளுக்கு, பக்கத்தில் ஒருவர் தாளைக் கொலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமா?

“தள்ளுங்க. மடிக்கிற இடத்துல முதல்ல கோடு கீறணும். எழுதித் தீர்ந்த பேனாவை எடுங்க. அழுத்தாதீங்க, தடவுங்க. பசையை ஊசி முனையில தொட்டு வைக்கணும், ரொட்டியில வெண்ணெய் பூசற மாதிரி இல்ல.”

அப்படித்தான் அவள் உள்ளே வந்தாள். உடல் பகுதியை டார்ச் லைட்டின் மேல் உருட்டி வளைத்தாள். மூக்கின் இதழ்களை, பல்லுக்கு மேல் மூடி பொருத்துகிற மாதிரி, ஒவ்வொன்றாக உள்பக்கம் பட்டை கொடுத்துச் சேர்த்தாள். வெட்டிய ஓரங்களில் வெள்ளை நூல் போலத் தெரியும் தாளின் சதையை வண்ணப் பென்சிலால் தடவி மறைத்தாள். விமானம் விமானமாக எழுந்து நின்றது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

அவன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். “அழகா இருக்கு” என்றான். அப்புறம், “உள்ள சீட்டு வைக்கணுமே” என்றான்.

“மூடினப்புறம் உள்ள இருக்கறது யாருக்குங்க தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்ல.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் கிறுக்கு என்று விட்டிருப்பாள். ஆனால் அவன் எதையும் வேண்டும் என்று கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. கல்யாணமான நாளிலிருந்து, குழம்பில் உப்புக்கூடக் கேட்டு வாங்கியவனில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை இருவருமாக ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள். படத்தைப் பெரிதாக்கி அடிக்கச் சொன்னார்கள். கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “பேரனுக்கா?” என்றார். “எங்க வீட்டுக் குழந்தைக்குத்தான்” என்றாள் அவள். குழந்தை பக்கத்தில் மீசையைத் தடவிக்கொண்டு நின்றது.

புது விமானம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. ஒரு சீட்டின் உயரம் கட்டைவிரல் நகத்தளவு. சன்னல்கள் அரிசியைவிடச் சற்றுப் பெரியவை. முதல் விமானத்தில் சன்னல்கள் வெறும் அச்சுதான். இதில் திறந்திருக்க வேண்டும் என்றான். மெல்லிய பித்தளைக் குழாயொன்றின் நுனியை அவள் வேலையிடத்தில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டு வந்து, தாளில் வைத்துத் திருகினாள். குட்டி ஓட்டை சுத்தமாக விழுந்தது. இரண்டு பக்கத்துக்கும் திருகி முடிப்பதற்குள் அவள் ஆள்காட்டி விரலில் பள்ளம் விழுந்துவிட்டது. அவன் அவனுக்கு முடிந்த வேலையை எடுத்துக்கொண்டான்: உள்ளே விறைப்புக்கு வைக்கும் அட்டை வளையங்களை வெட்டினான், இறக்கைக்குள் ஓடும் சட்டத்தை மடித்தான், எஞ்சினுக்குக் குழாய் சுருட்டினான்.

“என்ன வெள்ளைங்க அது? சுண்ணாம்பு வெள்ளையா, பால் வெள்ளையா?” என்று கேட்டாள். பல் வேலையில் வெள்ளையில்தான் எத்தனை வெள்ளை.

“டீ குடிக்கிறவன் பல்லு வெள்ளை” என்றான்.

இப்படி அவன் வாய் திறந்தது. கை சும்மா இருந்தால் அவனுக்குப் பேச்சு வராது. கையில் ஒரு வேலை இருந்தால், நிமிர்ந்து யாரையும் பார்க்க வேண்டியதில்லை என்றால், தானாக வருகிறது. இத்தனை வருஷம் இது தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டாள். சீட்டுகளை அவள் மடித்துக் கொடுக்கக் கொடுக்க, அவன் வரிசை வரிசையாக ஒட்டினான். ஆள் பொம்மை வேண்டாம் என்றான். அதற்குப் பதில், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்களோ, அந்த சீட்டில் அவர்கள் போட்டிருந்த உடுப்பின் நிறத்தில் ஒரு துண்டுத் தாள்.

“முதல்ல கொஞ்ச நேரம் எல்லாரும் சத்தம் போட்டாங்க. அந்தப் பச்சைச் சட்டை இருக்காரே, அவரு எல்லார் மேலயும் கேஸ் போடுவேன்னு கத்தினாரு. அப்புறம் அவரே பக்கத்து சீட்டுக் குழந்தைக்கு விரல்ல நிழல் காட்டிட்டு இருந்தாரு.”

“நிழலா?”

“வெயில் இருந்துச்சுல்ல. அதைத்தான் உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.” அவன் இறக்கையை மடிக்கும் கையை நிறுத்தவில்லை. “விமானம் சுத்துதா, வெயிலும் கூடவே சுத்துது. இந்தப் பக்க சன்னல் வழியா உள்ள வரும். ஒவ்வொருத்தர் முகமா தொட்டுட்டு அப்படியே பின்னாடி போகும். கொஞ்ச நேரம் இருக்காது. அப்புறம் அந்தப் பக்கம் வரும். கீழ கடல்ல ஒரு கப்பல். ஒவ்வொரு சுத்துலயும் அதே கப்பல். மறுபடி பார்க்கறப்போ சொந்தக்காரங்களைப் பார்த்த மாதிரி இருக்கும். அப்புறம் அப்புறம் யாருமே பேசல. அந்த விமானப் பொண்ணு இருக்கால்ல, தண்ணி கொடுக்கிற பொண்ணு, அவ செருப்பைக் கழட்டி வெச்சுட்டு நடைவழியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டா. அவ முகத்துலயும் வெயில் வந்து வந்து போச்சு.”

அவள் கத்தியைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்களுடைய சாப்பாட்டு மேசை, விளக்கு, வெட்டிய தாள் குப்பை எல்லாம் மெதுவாகச் சாய்ந்து திரும்புவது போல அவளுக்கு இருந்தது.

“பக்கத்துல யாரு?”

“ஒரு பொண்ணு. நம்ம மக வயசு இருக்கும். ஏதோ ஹோட்டல் யூனிஃபார்ம், நீலக் கலரு. ஏறி உட்கார்ந்ததும் தூங்கினவதான். என் தோள்லயே சாஞ்சுட்டா. நான் அசையவே இல்ல.”

“அவ்வளவு நேரமுமா?”

“எழுப்பி என்ன சொல்றது? வாயை ஆன்னு திறந்து வெச்சுத் தூங்குனா. ஒரு பல்லு உடைஞ்சிருந்துச்சு.”

“மேலேயா, கீழேயா?” அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“மேல. முன்னாடிப் பல்லுக்கு அடுத்தது. இறங்கறதுக்கு முன்னால எழுப்பி, குனிஞ்சு தலையைப் பிடிச்சுக்கச் சொன்னாங்க. கண்ணைக் கசக்கிட்டு, ‘அதுக்குள்ள வந்துருச்சா?’ன்னு கேட்டா.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த கையோடு, அந்தச் சிரிப்பின் தைரியத்தில்தான், இத்தனை நாளாகத் தொண்டையில் நின்றதை அவள் கேட்டுவிட்டாள்.

“அப்போ என்னை நினைச்சீங்களா?”

அவன் பசை ஊசியைக் கீழே வைத்தான். யோசித்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது. அது அவன் நல்ல குணம் என்று அவளே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

“இல்ல” என்றான். “யாரையுமே நினைக்கல.”

அவள் எழுந்தாள். கத்தியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். சமையலறைக்குப் போய்க் கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

அதன்பின் வீட்டில் விமான வேலை நின்றது. வால் ஒட்டாத விமானம் பின்பக்கம் திறந்தபடி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. இருவரும் தட்டுகளை அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துச் சாப்பிட்டார்கள். அவன் அவளைப் பார்ப்பான், விமானத்தைப் பார்ப்பான், தட்டைப் பார்ப்பான். தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவனுக்கு விளங்கவில்லை. தப்பு என்று மட்டும் தெரிந்தது. விமானத்தைத் தொடவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை.

நாத்தனார் போன் செய்தாள். தையல் பிரித்த கதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?” என்று பிடித்துக்கொண்டாள். நாத்தனாரிடம் மறைத்துப் பயனில்லை என்று இவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அடப்பாவி!” என்றாள் நாத்தனார். “‘உன்னையேதான் நினைச்சேன்’னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும்? அவன் சின்னதிலேர்ந்தே அப்படித்தான். எங்கம்மா குழம்பு எப்படிடா இருக்குன்னு கேட்டா, நேத்து நல்லா இருந்துச்சும்பான்.” அப்புறம் அவள் குரல் இறங்கியது. “ஆனா ஒண்ணு சொல்றேன். நான் படுத்துக் கிடந்தப்போ பாத்ரூமுக்குக்கூட அவன்தான் தூக்கிட்டுப் போனான். எவ்வளவு கனம் அக்கா நீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லணுமே! ஒருத்தர் கனமும் அவனுக்குக் கனமில்ல.”

“அதெல்லாம் எனக்குத் தெரியும் அண்ணி” என்றாள் அவள். தெரிந்ததனால் மட்டும் ஆறிவிடவில்லை.

அந்த வாரத்தில் அவளுக்கு ஒரு கடினமான பல் வந்தது. யாரோ ஒரு மனிதரின் மேல் வரிசையில் நட்டநடுப் பல். நடுப் பல் ஏமாற்றவே முடியாத பல். பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகவில்லை என்றால் அந்த மனிதர் சிரிக்கும்போதெல்லாம் சிரிப்பை விட்டுவிட்டுப் பல்லைத்தான் பார்ப்பார்கள். காலையில் உட்கார்ந்தாள். ஈறோரம் கொஞ்சம் மஞ்சள். நடுவில் சாம்பல் ஓடிய வெள்ளை. நுனியில் வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி, நிறம் என்றே சொல்ல முடியாத ஒன்று. தூரிகை முனையில் ஈரப் பொடியை எடுத்து வைத்து, ஊதி, தட்டி, மறுபடி வைத்தாள். சூளைக்குள் வைத்தாள், எடுத்தாள், ஒளியில் திருப்பிப் பார்த்தாள். பல்லுக்குள் ஒரு மங்கிய விடியற்காலை தெரிந்தது. அதற்குள் இறங்கி நடந்துகொண்டிருந்தாள்.

தோளை யாரோ தொட்டார்கள். முதலாளியம்மா. சுற்றிலும் மேசைகள் காலியாக இருந்தன. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் பக்கத்தில் வைத்திருந்த டீ ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது.

“எத்தனை தடவை கூப்பிடறது உன்னை! உன் வீட்டுக்காரர் போன் பண்ணினாரு. வந்து வந்து சொன்னேன், நீ தலையைக்கூடத் தூக்கல. அந்தப் பல்லு அவ்வளவு கஷ்டமா?”

“கஷ்டமெல்லாம் இல்லம்மா” என்றாள் அவள், கண்ணிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. “நல்லா இருந்துச்சு.”

சொன்னபிறகு அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவனை நினைக்கவில்லை. அவன்மேல் இருந்த கோபத்தைக்கூட நினைக்கவில்லை. மகளை நினைக்கவில்லை, தன்னையே நினைக்கவில்லை. இன்றைக்கு மட்டுமா? எத்தனையோ வருஷமாக, நாள்தோறும் கொஞ்ச நேரம் அவள் இப்படி எல்லோரையும் விட்டுவிட்டு எங்கோ போய்த் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறாள். வீட்டுக்குப் போகிற வழியில் கால் லேசாக இருக்கும். அதற்காக அவன்மேல் இருக்கும் பிரியத்தில் ஒரு குந்துமணி குறைந்ததா? அவளிடம் யாரும் கேட்டதில்லை, அதனால் பதில் சொல்ல நேர்ந்ததுமில்லை.

“எதுக்கு போன் பண்ணினாராம்?”

“என்னவோ, வாலை ஒட்டட்டுமான்னு கேட்கச் சொன்னாரு. எந்த வாலும்மா?”

அவள் சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். அவன் எடுத்ததும், “ஒட்டாதீங்க. நான் சீக்கிரம் வர்றேன்” என்றாள். லாரி நிற்கிற தெருவின் இரைச்சலுக்கு நடுவில், அவன் பெருமூச்சு விடுவது கேட்டது.

அவள் வீட்டுக்குள் நுழையும்போது வெயில் இன்னும் கூடத்தில் இருந்தது. பால்கனிக் கதவு வழியாகத் தரைமேல் நீளமாகப் படுத்திருந்தது. அவன் கை கால் கழுவிவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசைக்குப் போய் விமானத்தைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.

“வெயிலுக்கு நேரா பிடிங்க. அன்னிக்கு மாதிரி சுத்துங்க. மெதுவா.”

அவனுக்குப் புரிந்துவிட்டது. எத்தனையோ கனத்தைத் தூக்கிய ஆள், ஒரு கனமும் இல்லாத அந்தத் தாளை இரண்டு உள்ளங்கையிலும், நிரம்பி வழியப் பார்க்கும் பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்தான். அவள் வால் இருக்க வேண்டிய திறப்பில் ஒரு கண்ணை வைத்தாள்.

முதலில் இருட்டு. பிறகு அவன் நகர்ந்தான்.

முன்வரிசையில் ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அவள் திருகித் திருகித் திறந்த சன்னல்கள் ஒவ்வொன்றும் ஒரு வெயிலைக் கொண்டுவந்து உள்ளே வைத்தன. அவை நடைவழியைத் தாண்டி, பச்சைச் சட்டையைத் தொட்டு, பக்கத்தில் குழந்தையின் மஞ்சளைத் தொட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் வந்தன. நடைவழியில் ஒரு சின்னச் சிவப்புத் துண்டு, சம்மணமிட்ட பெண். அவள்மேலும் வெயில் ஏறி இறங்கியது. யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. வெளிச்சம் அவள் கண்வரைக்கும் வந்து, இமையில் சூடாக உட்கார்ந்து, மறைந்தது. பிறகு கொஞ்ச நேரம் எல்லாம் மங்கலாக, அமைதியாக, நீரடியில் இருப்பது போல. அப்புறம் மறுபக்கத்துச் சன்னல்கள் விழித்தன.

கண்ணை எடுக்காமலேயே அவளும் கூடச் சுற்றினாள். வயசான இரண்டு பேர் கூடத்து நடுவில் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை நாற்காலியில் இடித்துக்கொண்டார்கள்; நிற்கவில்லை.

“உங்க சீட்டு எங்க?”

“வலது பக்கம். இறக்கைக்குப் பின்னாடி. சாம்பல் கலரு.”

தேடினாள். வெயில் வந்து காட்டிக்கொடுத்தது. சாம்பல் நிறத் துண்டு நேராக நின்றது. அதன் பக்கத்தில் நீலத் துண்டு. அதை மட்டும் அவன் நேராக ஒட்டவில்லை, சாம்பலின்மேல் சாய்த்து ஒட்டியிருந்தான். அந்தத் தடி விரல்களால் எப்படி ஒட்டினானோ!

“நான் எல்லாத்தையும் தூக்கியிருக்கேன்” என்றான் அவன், மேலே எங்கிருந்தோ. “அன்னிக்கு என்னைத் தூக்கி வெச்சிருந்தாங்க. கீழ இறக்கி வைக்கிற அவசரம் யாருக்கும் இல்ல. அதான். வேற ஒண்ணும் இல்ல.”

“சுத்துங்க, பேசாதீங்க” என்றாள் அவள்.

வெயில் பால்கனிச் சுவரில் ஏறிப் போகும்வரை சுற்றினார்கள். தலை கிறுகிறுத்து இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மடியில் விமானம்.

பிறகு அவள் எழுந்து முகம் கழுவி வந்தாள். விளக்கைப் போட்டு, வாலை ஒட்ட எடுத்தாள். வட்டத்தின் ஓரம் முழுக்க ஊசி முனையால் பசையைத் தொட்டு வைத்து, வாலைப் பொருத்தினாள். “பிடிச்சுக்குங்க. காயற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. அழுத்தியும் பிடிக்கக் கூடாது.” அவன் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றான்.

நின்றபடியே, விமானத்தைப் பார்த்துக்கொண்டே, கேட்டான்.

“நீ அங்க எப்படி இருந்த? அந்த ஹால்ல.”

அவள் பசைப் புட்டியை மூடிக்கொண்டிருந்தாள். மூடி சரியாகத் திருகவில்லை. மறுபடி திருகினாள். அவன் இதைக் கேட்பான் என்று அன்றைக்கு பஸ்ஸில் எதிர்பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் எதிர்பார்த்தாள். பிறகு எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள்.

“உங்க செருப்பைப் பத்தி நினைச்சேன்” என்றாள்.

“செருப்பா?”

“வாசல்ல ஒண்ணு கிடக்குதே, பெருசா, படகு மாதிரி. நீங்க வரலைன்னா அதை என்ன பண்றதுன்னு. யார் காலுக்கும் சேராது. தூக்கிப் போடவும் முடியாது. அங்கேயே கிடந்தா நான் தினமும் தாண்டிப் போகணும். இதையே நினைச்சுட்டு இருந்தேன். கும்பிடணும்னுகூடத் தோணல. பக்கத்துல எல்லாரும் அழுதாங்க. எனக்கு அழுகையே வரல. இந்தப் பொம்பளைக்கு நெஞ்சு கல்லான்னு பார்த்தாங்க. நான் செருப்புல இருந்தேன்.”

சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு அன்றைக்கு வராத அழுகை இப்போது வந்தது. சிரிப்பும் கூடவே வந்தது. எது முதலில் என்று தெரியாமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவன் வாலை விடவும் முடியாமல், அவளிடம் போகவும் முடியாமல், நின்ற இடத்திலிருந்தே மற்றக் கையை நீட்டினான். எட்டவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்தாள்.

“அப்புறம்?” என்றான்.

“அப்புறம் ஒரு அம்மா வந்து என் பக்கத்துல உட்கார்ந்தாங்க. அவங்க மகன் உங்க விமானத்துல இருந்தான். அவங்ககிட்ட ஒரு பொட்டலம் பிஸ்கட் இருந்துச்சு. ரெண்டு பேருமா அதை முழுசா சாப்பிட்டுட்டோம். வெட்கமா இருக்கு சொல்ல.”

“என்ன பிஸ்கட்?”

அவள் சொன்னாள். பலகையில் எழுத்து மாறும்போது வரும் டக் சத்தத்தைச் சொன்னாள். தரை துடைக்க வந்தவர், அவர்கள் காலைத் தூக்கச் சொல்லாமலேயே சுற்றித் துடைத்துவிட்டுப் போனதைச் சொன்னாள். பசை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. அவன் விரலை எடுக்கவில்லை.

“அந்த அம்மா மகன் எந்த சீட்டாம்?” என்று கேட்டான்.

“தெரியலையே. வெளிய வந்தப்போ பார்த்தேன். ஊதாச் சட்டை, ஒல்லியா.”

அவன் குனிந்து சன்னல்கள் வழியாக உள்ளே பார்த்தான்.

“இருக்கான்” என்றான். “நாலாவது வரிசை.”